மழை பெய்தால் டோக்கன் வேலை செய்யாதா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோத்தகிரியில் எது மக்கர் செய்தாலும் மழையைத்தான் சொல்வோம். கரன்ட் போனால் மழை, பஸ் வராவிட்டால் மழை, போன் கேட்காவிட்டால் மழை. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும், வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கச் சரிவில்தானே கொட்டித் தீர்க்கிறது. அதனால்தான் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மூணு நாளா படுத்துது, மழை நின்னதும் திரும்பப் பாருங்கன்னு போன்ல சொல்றாங்க, நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றபோது நானும் முதலில் நெட்வொர்க் கோளாறு என்றே நினைத்தேன்.

பழைய சான்றிதழின் காலம் முடிந்துவிட்டது, புதியதை இறக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு, டெண்டர் எல்லாவற்றுக்கும் அந்தக் கையெழுத்து தேவை. நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் ஒழுங்காகப் போகிறது. "சாவி உருவாக்கப்படுகிறது" என்கிற இடத்தில் சிறிது நேரம் நின்று, பிறகு டோக்கனோடு தொடர்பு அறுந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மூன்று தடவை அப்படியே ஆனது, நான்காவது தடவை திடீரென்று சரியாகிவிட்டது. அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்து, "பாத்தீங்களா, தூறல் விட்டிருச்சு" என்றார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் நெட்வொர்க்குக்கு வேலையே கிடையாது. அந்தக் குச்சி போன்ற யுஎஸ்பி டோக்கனின் உள்ளே ஒரு ஸ்மார்ட் கார்டு சிப்பும் அதைப் படிக்கும் ரீடரும் சேர்ந்தே இருக்கின்றன. ரகசியச் சாவி அந்தச் சிப்புக்குள்ளேயே பிறக்கிறது, வெளியே வருவதே இல்லை. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி என்றால் 1024 பிட் நீளமுள்ள இரண்டு பகா எண்களைச் சிப் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுப்பது, பகா எண்ணா என்று சோதிப்பது, இல்லையென்றால் அடுத்ததை எடுப்பது, இப்படித்தான் அந்தத் தேடல். ஒரு தடவை நாலைந்து விநாடியில் கிடைத்துவிடும், இன்னொரு தடவை அரை நிமிடம் போனாலும் போகும். அப்படியானால் நான்கில் ஒரு தடவை வேலை செய்வது மழையால் வந்ததா, அந்தத் தேடல் சீக்கிரம் முடிந்ததால் வந்ததா?

அதே மாடலில் வெற்று டோக்கன் ஒன்றை வாங்கி, யுஎஸ்பி வழியே போகிற வருகிற ஒவ்வொரு பைட்டையும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பிடித்துப் பார்த்தேன். இந்த ரீடர்கள் கணினியோடு பேசும் மொழிக்கு சிசிஐடி என்று பெயர், அதன் 1.1 பதிப்பு 2005-ல் வந்தது. அதில் மிக நாகரிகமான ஓர் ஏற்பாடு உண்டு: கார்டு வேலையில் மூழ்கியிருந்தால், பதிலுக்குப் பதிலாக "இன்னும் நேரம் வேண்டும்" என்று ரீடர் ஒரு செய்தி அனுப்பலாம், எத்தனை மடங்கு நேரம் என்பதையும் பிழை எண் வைக்கும் அந்த ஒரு பைட்டிலேயே சொல்லிவிடலாம். டோக்கன் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை கேட்டது. கணினியில் ரீடரோடு பேசும் மென்பொருளான டிரைவர்தான் அதை வாங்கிக்கொண்டு தன் கடிகாரத்தைத் திருப்பி வைக்காமல், மொத்தமாகப் பத்து விநாடி ஆனதும் கதவைச் சாத்திவிட்டது. லினக்ஸில் எல்லோருக்கும் பொதுவான சிசிஐடி டிரைவரோடு அதே டோக்கனை இருபது தடவை ஓட்டினேன், வெளியே விடாத மழை, இருபதும் வேலை செய்தன.

இதை டோக்கன் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பியபோது கிடைத்த பதில், "எங்கள் சோதனைகளில் எல்லாம் பாஸ்." நான் அதை நம்புகிறேன். அவர்கள் வீட்டுச் சோதனையில் நிஜமாகவே பாஸ் ஆகியிருக்கும். தங்கள் கார்டு, தங்கள் ரீடர், தங்கள் டிரைவர், தங்கள் மேசை, அங்கே எல்லாமே ஒன்றுக்கொன்று பழக்கப்பட்டவை. கார்டு செய்பவர் ஒரு சோதனை வைத்திருக்கிறார், ரீடர் செய்பவர் ஒன்று, மேலே ஓடும் மென்பொருள் எழுதுபவர் இன்னொன்று, ஒருவர் வைத்திருப்பது அடுத்தவர் கண்ணில் படுவதே இல்லை. நடுவில் மாட்டிக்கொள்வது ஃபேக்டரி கணக்கறையில் உட்கார்ந்திருக்கும் அக்காதான்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் முப்பது வருடம் பச்சைத் தேயிலை எடை போட்டவர். சிறு விவசாயிகள் சாக்குமூட்டையில் இலை கொண்டுவருவார்கள், மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் ஏறிவிடும், ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்பதில் சண்டை, தராசு சரியா என்பதில் அதைவிடப் பெரிய சண்டை. விற்பவர் வீட்டில் எடை போட்டுப் பார்த்துவிட்டு வருவார், ஃபேக்டரி தராசு வேறு எண் காட்டும், இருவருமே தன்னுடையதுதான் சரி என்பார்கள். அப்பா செய்தது ஒன்றுதான். முத்திரை ஆய்வாளர் முத்திரை வைத்துக் கொடுத்த பத்து கிலோ இரும்பு எடைக்கல் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்திலேயே, யார் கைக்கும் எட்டும்படி வைத்திருந்தார். சந்தேகம் வந்தவர் கேட்க வேண்டியதில்லை, தானே தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சண்டை முழுக்க ஓய்ந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன்பின் சண்டை கழிவைப் பற்றி மட்டுமே இருந்தது, தராசைப் பற்றி இல்லை.

ஸ்மார்ட் கார்டு ரீடர் டிரைவர்களுக்கு எனக்கு வேண்டியது அந்த எடைக்கல்தான். யாருடையதும் இல்லாத, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் டிரைவர்மேல் வைத்துப் பார்க்கக்கூடிய பொதுச் சோதனைத் தொகுப்பு.

இது புதுக் கனவு ஒன்றும் இல்லை. பணம் எடுக்கும், பணம் செலுத்தும் கருவிகளுக்கு, வங்கி அட்டைகளின் பொது விதியான ஈஎம்வி முறையில் கறாரான சோதனையும் ஒப்புதலும் இருக்கின்றன. நம் நாட்டிலேயே ஓட்டுநர் உரிம அட்டைகளுக்காக ஐஐடி கான்பூரும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து ஸ்கோஸ்டா என்ற பொது விதிமுறையை வகுத்தார்கள், எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் அதற்கு இணங்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். ஆனால் அது கார்டின் பக்கம். கணினியின் பக்கம் பார்த்தால் 1996-ல் தொடங்கிய பிசி/எஸ்சி குழு, மென்பொருள்கள் ரீடரோடு பேசுவதற்காக வகுத்த விதிகளைத்தான் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுமே பின்பற்றுகின்றன. லினக்ஸ் பக்கம் அந்த விதிகளை நடைமுறைப்படுத்தும் பிசிஎஸ்சி-லைட் என்ற மென்பொருளையும் சிசிஐடி டிரைவரையும் பல வருடங்களாகப் பராமரிக்கும் லுடோவிக் ரூசோ, ரீடர்களைச் சோதித்து எது முழுதாக வேலை செய்கிறது, எது செய்யக்கூடும், எது செய்யாது என்று பிரித்துப் பட்டியல் வைத்திருக்கிறார். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான ஆவணம் அது. ஒரு புது ரீடர் வாங்குமுன் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சரி, நாங்கள் என்ன செய்தோம். குன்னூரில் ஒரு நண்பர், மேலே ஓடும் கையெழுத்து மென்பொருள் எழுதுகிறவர். கோயம்புத்தூரில் ரீடர் பலகை வடிவமைக்கும் ஓர் அண்ணன். நான் டிரைவர் பக்கம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, மாற்றி மாற்றி ஒருவர் வீட்டில். முதல் ஞாயிறே ஒரு விதி போட்டுக்கொண்டோம்: ஒவ்வொரு சோதனையின் தலையிலும் அது எந்த விதியின் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்று எழுத வேண்டும், எழுத முடியாவிட்டால் அது சோதனை இல்லை, நம் விருப்பம். இந்த ஒரு விதி எங்களுக்குள் வந்திருக்க வேண்டிய பாதிச் சண்டையை முளையிலேயே கிள்ளியது.

அடுத்தது, ரீடர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறதோ அதைக் கொண்டே அதைச் சோதிப்பது. சிசிஐடி ரீடரைச் செருகியதும் அது தன் திறமைகளை ஒரு விவரத்துண்டாகக் கொடுக்கும்: கார்டோடு நடக்கும் பேச்சை நானே பார்த்துக்கொள்வேன், அல்லது நீ ஒவ்வொரு கட்டமாக அனுப்பு, குறுங்கட்டளை மட்டும்தான் எனக்குத் தெரியும், நீள்கட்டளையும் தெரியும், ஒரு தடவையில் இத்தனை பைட் வாங்குவேன், இப்படி. நீள்கட்டளை தெரியாது என்று சொல்லும் ரீடரை நீள்கட்டளையில் தோற்கடிப்பது அநியாயம். ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டு, வாங்கும் அளவு என்று 271 பைட் போட்டிருந்தால் அங்கே நிற்க வேண்டும். பத்து பைட் தலைப்பு, மீதி 261, அது குறுங்கட்டளை ஒன்று அளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் இடம். பெரிய கட்டளையைத் துண்டு துண்டாக வாங்க விதி இடம் கொடுக்கிறது, நீ நிஜமாகவே அப்படி வாங்குகிறாயா? இப்படிச் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பிடிக்கும் சோதனைகள்தான் எங்கள் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை.

சோதிக்கக் கார்டு வேண்டுமே. கணினிக்குள்ளேயே பொய்யாக ஒரு ரீடரும் கார்டும் இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்கள் உண்டு, மேல்மட்ட மென்பொருளைச் சோதிக்க அவை அருமையானவை, ஆனால் நாங்கள் சோதிக்க வந்த டிரைவரையே அவை சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய ஜாவா கார்டில் ஒரு சின்ன நிரல் ஏற்றினோம். இத்தனை பைட் திருப்பிக் கொடு என்றால் கொடுக்கும், இத்தனை விநாடி சும்மா இரு என்றால் இருக்கும், கொடுத்ததை அப்படியே திருப்பு என்றால் திருப்பும். இவ்வளவுதான் அது. இதை வைத்து 0 பைட், 1 பைட், 255, 256 என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனோம். ஒரு ரீடரில் 53 பைட் பதில் வந்தது, 55 வந்தது, 54 மட்டும் வரவில்லை, அப்படியே உறைந்து நின்றது. கார்டை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், அதே 54. கோயம்புத்தூர் அண்ணன்தான் மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் கையைக் கழுவாமலே எழுந்து வந்து பலகையில் எழுதினார்: 54-ம் தலைப்பு பத்தும் சேர்ந்தால் 64, அது அந்த யுஎஸ்பி பொட்டலத்தின் முழு அளவு. பொட்டலம் நிரம்பி வழிந்ததா, இன்னும் வருமா என்று ரீடரும் கணினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காத்திருக்கின்றன. அடுத்து 118-ஐப் போட்டுப் பார்த்தோம், அங்கேயும் நின்றது. எந்த வாடிக்கையாளர் போன் செய்து "54 பைட் வந்தால் நிற்கிறது" என்று புகார் சொல்வார்? "சில நேரம் வேலை செய்யவில்லை" என்றுதான் சொல்வார். நாம் மழையைக் கைகாட்டுவோம்.

கார்டை எடுப்பதும் செருகுவதும் இன்னொரு தலைவலி. ஒரு கார்டைச் சட்டென்று எடுத்து உடனே திரும்பச் செருகினால் மேலே இருக்கும் மென்பொருளுக்கு அது தெரிய வேண்டும், இல்லையென்றால் ஒருவர் தன் ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) எண்ணைப் போட்டுத் திறந்த நிலையிலேயே இன்னொருவர் கார்டு உள்ளே இருப்பதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும். இதைக் கையால் நூறு தடவை செய்ய யாராலும் முடியாது, ஒவ்வொரு கைக்கும் ஒரு வேகம். கார்டு உள்ளே இருக்கிறதா என்று சொல்ல ரீடரின் செருகுவாயில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளிலும் கம்பி பற்றவைத்து மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சான ரிலே ஒன்றோடு இணைத்தோம். இப்போது கார்டு அசையாமல் இருக்க, ரிலே அதை எடுத்ததாகவும் செருகியதாகவும் காட்டும், மில்லிவிநாடிக் கணக்கில். டிக் டிக் என்று இரவெல்லாம் ஓடும், வீட்டில் அம்மா அதைப் பல்லி என்று நினைத்திருந்தார்.

மூடுபனிக் காலத்தில் இன்னொன்று கற்றோம். ஒரு ஞாயிறு காலையில் ஏழெட்டுச் சோதனைகள் வரிசையாகத் தோற்றன, கார்டு பதிலே சொல்லவில்லை. டிரைவரில் தேடித் தேடி மதியம் ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால் ரீடரின் தொடுமுனைகளில் ஈரமும் பச்சைப் பூச்சும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் எல்லாம் பாஸ். அப்போதிருந்து ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சாதாரணமான ஒரே கட்டளையை ஐம்பது தடவை அனுப்பும் பகுதியைச் சேர்த்துவிட்டோம். அது தடுமாறினால் அன்றைய முடிவு எதையுமே பதிவதில்லை. டிரைவர்மேல் குற்றம் சொல்லுமுன் நம் தொடுமுனை சுத்தமா என்று பார்த்துவிட வேண்டும். ஆக, எங்கள் ஊரில் மழைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, விதி பேசாத இடங்கள். டி=0 என்ற பேச்சுமுறையில் பேசும் கார்டு 61 என்று தொடங்கும் பதில் கொடுத்தால் "மீதி இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்" என்று பொருள். யார் போய் வாங்குவது? சில ரீடர்கள் தாங்களே வாங்கி முழுப் பதிலாகக் கொடுத்துவிடும், சில அப்படியே மேலே தள்ளிவிடும். இரண்டுக்கும் ஆதரவாக வாதாடலாம், நாங்கள் இரண்டு ஞாயிறு வாதாடினோம். கடைசியில் பாஸ், தோல்வி என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு முடிவைச் சேர்த்தோம்: "விதி தெளிவாக இல்லை, இந்த டிரைவர் இப்படி நடக்கிறது." எனக்கு இதில் முதலில் விருப்பமில்லை, சோதனை என்றால் தீர்ப்பு வேண்டாமா என்று நினைத்தேன். இப்போது அந்த மூன்றாவது வகை முடிவுகளைத்தான் குன்னூர் நண்பர் தினமும் திறந்து பார்க்கிறார், ஏனென்றால் அவர் மென்பொருள் எல்லா ரீடரிலும் ஓட வேண்டுமானால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

இயக்குதளங்களுக்கு நடுவிலும் இப்படி உண்டு. விண்டோஸ் 8 முதல், ஒரு நிரல் கார்டைத் தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு மேல் சும்மா இருந்தால் கார்டு ரீசெட் ஆகிவிடும். லினக்ஸில் எழுதிப் பழகியவர் பயனர் பின் எண் தட்டும்வரை பிடித்துவைத்திருப்பார், விண்டோஸில் அது உடையும். 64 பிட் லினக்ஸில் பிசிஎஸ்சி-லைட்டில் எண்களை வைக்கும் டிவேர்டு என்ற வகை எட்டு பைட், விண்டோஸில் நான்கு. ஒரே பெயர், ஒரே விதி, வேறு அளவு.

நாங்களே தவறாக எழுதிய சோதனையும் உண்டு. கார்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் அது முதலில் சொல்லும் வாசகத்துக்கு ஏடிஆர் என்று பெயர், 33 பைட்டுக்கு மேல் போகாது. அதன் கடைசியில் சரிபார்ப்பு பைட் ஒன்று இருக்கும், கார்டு டி=0 மட்டும் பேசினால் இருக்காது. ஒரு மைக்ரோகன்ட்ரோலரைக் கார்டு வடிவப் பலகையில் வைத்து விதவிதமான ஏடிஆர் சொல்ல வைத்தோம். அதில் ஒன்று டி=0-வோடு டி=15 என்றும் குறிப்பது. டி=15 பேச்சுமுறை இல்லை, பொதுத் தகவலுக்கான அடையாளம் மட்டும்தான், அதனால் நான் சரிபார்ப்பு பைட் வைக்கவில்லை. ஒரு டிரைவர் அந்தக் கார்டை ஏற்க மறுத்தது, நான் அதற்குத் தோல்வி போட்டேன். அண்ணன் ஸ்மார்ட் கார்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7816-ன் மூன்றாம் பாகத்தைத் திறந்து வரியைக் காட்டினார்: டி=15 குறித்தாலும் சரிபார்ப்பு பைட் வேண்டும். டிரைவர் சரி, என் சோதனை தவறு. முடிவைத் திருத்தி, என்ன தவறு, எப்போது திருத்தியது என்றும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவைத்தோம். எடைக்கல்லும் தேயும், அதனால்தான் அதற்கும் மறுமுத்திரை வாங்க வேண்டியிருக்கிறது என்று அப்பா சொல்வார்.

முடிவுகளை வெளியிடும்போது ரீடருக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பு, டிரைவர் பதிப்பு, இயக்குதளம் மூன்றும் இல்லாமல் எதையும் போடுவதில்லை. தோல்வி என்றால் செய்தவருக்கு முதலில் எழுதுகிறோம், யுஎஸ்பி பதிவையும் சோதனையையும் கூடவே அனுப்புகிறோம், அவர் தன் மேசையில் அதையே ஓட்டிப் பார்க்கலாம். "எங்கள் சோதனையில் பாஸ்" என்ற பதில் இப்போது வருவதில்லை, "உங்கள் 54 பைட் சோதனை எங்களுக்கும் தோற்கிறது" என்று வருகிறது. அந்தப் பதில் வந்த அன்று மூவரும் டானிங்டன் முக்கில் நின்று டீ குடித்தோம்.

அக்காவின் டோக்கனுக்கு டிரைவர் புதுப்பிப்பு வந்துவிட்டது, நேரம் கேட்டால் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது. போன வாரம் ஃபேக்டரியின் இன்னொரு பங்குதாரருக்குச் சான்றிதழ் இறக்கினோம். சாவி உருவாக இருபத்தேழு விநாடி ஆனது, அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே நல்ல மழை.

இனி எழுத வேண்டியது விசைப்பலகை உள்ள ரீடர்களுக்கான சோதனைகள், பின் எண்ணை ரீடரிலேயே தட்டும் வகை. எங்களிடம் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் 7 என்ற பொத்தான் அமுங்குவதில்லை. உங்கள் அலுவலக அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கிற பழைய ரீடர் எதுவாக இருந்தாலும் சரி, கீழே ஒரு வரி எழுதுங்கள், மேட்டுப்பாளையம் வரை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.